இலையுதிர்காலத்தில் நயாகரா வைன் தோட்டங்கள்: திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ போகும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்க்கத் திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ போகிறவர்களில் பலர் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அங்கே நிற்கிறார்கள். வெயிலும் அடங்கி, குளிரும் இறுகாத அந்த நாட்களில்தான் நயாகராவில் திராட்சை அறுவடையும் நடக்கிறது. ஆனால் "ஒருக்கா நயாகரா போய் வருவம்" என்றால் நீர்வீழ்ச்சியைப் பார்த்துப் படம் எடுத்ததோடு நாள் முடிந்துவிடும். அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் வைன் தோட்டங்களைக் குடிக்கிற ஆக்களுக்கான இடம் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். வீட்டில் பாதிப்பேர் குடிக்காவிட்டாலும், இரண்டு பேர் விரதம் என்றாலும், அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம் என்றாலும் இந்தப் பயணம் சரிவரும். எத்தனை தோட்டம், யார் ஓட்டுவது என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்தால் போதும். விலைகள் எல்லாம் கனேடிய டொலரில்.

எந்த வார இறுதிக்குப் போவது நல்லது?

அறுவடையைப் பார்க்க வேண்டுமானால் செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் முதல் வாரம் வரை. மரங்கள் சிவந்து மஞ்சளாவதைப் பார்க்க வேண்டுமானால் ஒக்டோபர் நடுப்பகுதியும் அதற்குப் பிந்திய ஒரு வாரமும். இரண்டும் ஓரளவு சேர்ந்து கிடைப்பது ஒக்டோபர் முதல் பாதியில்.

எல்லாத் திராட்சையும் ஒரே நாளில் வெட்டப்படுவதில்லை. நுரைக்கும் வைனுக்கான ஷார்டனே, பினோ நுவார் புளிப்புக் குறையுமுன் செப்டெம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும். ரீஸ்லிங் பெரும்பாலும் ஒக்டோபரில். கபர்னே ஃபிராங்க் ஒக்டோபர் பிற்பகுதி வரை கொடியில் நிற்கும். கபர்னே சோவினியோன் சில ஆண்டுகளில் நவம்பரையும் தொடும். ஆகவே இந்த இரண்டு மாதத்தில் எப்போது போனாலும் எங்கேயாவது ஒரு வரிசையில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

தவிர்க்க வேண்டியது கனடாவின் நன்றி நவிலல் விடுமுறை, அதாவது ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையோடு சேர்ந்த வார இறுதி. அறை கிடைக்காது, தெருவும் நகராது. செப்டெம்பரில் சென் கத்தரின்ஸ் நகரில் திராட்சை, வைன் விழா நடக்கும். 1952இல் தொடங்கிய பழைய விழா. கூட்டம் பிடிக்கும் என்றால் அந்த நாட்களில் போகலாம். தோட்டத்தை ஆறுதலாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு வாரம் பார்ப்பது நல்லது. வேலைக்குப் போகாத பெற்றோர் மட்டும் போவதானால் வியாழனும் வெள்ளியும் எல்லாவற்றையும்விட நல்லது.

திருகோணமலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது என்ன?

விசா. பார்வையாளர் விசாவுக்குக் கட்டணம் 100 டொலர், கைரேகைக்கு 85. கைரேகை கொடுக்க விசா விண்ணப்ப நிலையத்துக்கு நேரில் போகவேண்டும். ஒக்டோபர் பயணத்துக்குச் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு விண்ணப்பித்தால் நெஞ்சிடி இருக்காது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கனேடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள் என்றால், ஒரு வருகையில் ஐந்து ஆண்டு வரை நிற்க அனுமதிக்கும் சுப்பர் விசாவையும் யோசிக்கலாம்.

அங்கே வாகனம் ஓட்டும் எண்ணம் இருந்தால் இலங்கை லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட வருகைக்கு, ரொறன்ரோவும் நயாகராவும் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அது செல்லும். ஆனால் வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர் முதல் ஓட்டத்தை நயாகராவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் தொடங்க வேண்டாம்.

போய் இறங்கின முதல் வார இறுதியில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். இலங்கைக்கும் ரொறன்ரோவுக்கும் அந்தக் காலத்தில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். பகல் இரண்டரைக்கு, இரண்டாவது தோட்டத்தில் நிற்கும்போது, உடம்புக்கு இரவு பன்னிரண்டு. நித்திரை தூங்கும் உடம்பில் வைனும் சேர்ந்தால் பயணம் கதிரையிலேயே முடியும். ஒரு கிழமை கழியட்டும்.

ஸ்காபரோவிலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது?

தோட்டங்கள் இருக்கும் நயாகரா ஒன் த லேக் ஊருக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். சனிக்கிழமை காலை ஏழரைக்குள் வெளிக்கிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போகலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெளிக்கிட்டால் மூன்று மணி நேரமும் பிடிக்கும். பலர் செய்யும் பிழை இதுதான்: வெள்ளி இரவு அறைக்குக் காசு கட்டி, அங்கே போய்ச் சேரும்போது நித்திரைக்குத்தான் நேரம் இருக்கும்.

கியூ.ஈ.டபிள்யூ நெடுஞ்சாலையில் சென் கத்தரின்ஸைத் தாண்டி, வெல்லண்ட் கால்வாய்க்கு மேலான உயரப் பாலத்தைக் கடந்ததும் வரும் கிளெண்டேல் அவெனியூ வெளிவழிதான் தோட்டங்களுக்குச் சுகமானது. ஏரிக்கரையோர வீதியால் போனால் வடிவாக இருக்கும்தான், ஆனால் கால்வாயில் கப்பல் வந்தால் தூக்குபாலம் எழும்பி வாகனங்களை நிறுத்திவிடும். முன்பதிவு நேரம் நெருங்கியிருந்தால் அந்த வழி வேண்டாம். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் பேர்லிங்ரன் உயரப் பாலத்தையும் மூடுவதுண்டு. வெளிக்கிடுமுன் போக்குவரத்துச் செய்தியைப் பாருங்கள்.

ஒரு நாளில் எத்தனை தோட்டம் பார்க்கலாம்?

மூன்று. நாலாவது இடத்தில் நாக்கு எதையும் பிரித்தறியாது, கால் வலிக்கும், பிள்ளைகள் அழத் தொடங்குவார்கள். ஓரிடத்துக்கு ஒன்றரை மணி நேரம், இடையில் பயணத்துக்கும் தாமதத்துக்கும் அரை மணி என்று கணக்கு வையுங்கள். பெரும்பாலான இடங்கள் காலை பத்து, பதினொன்றுக்குத் திறந்து பின்னேரம் ஐந்து, ஆறுக்கு மூடும். பதினொன்றுக்கு ஒன்று, ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு ஒன்று, நாலரைக்கு, ஆறு மணிவரை திறந்திருக்கும் ஒன்று. இதற்கு மேல் நெருக்க வேண்டாம்.

ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம்தானே ஊற்றுவார்கள்? மச்சான் ஓட்டினால் என்ன?

கணக்கைப் பார்ப்போம். கனடாவில் 12 சதவீத வைன் 142 மில்லிலீற்றர்தான் ஒரு பானம் என்று கணிக்கப்படுகிறது. ருசிபார்க்கும் தட்டில் வழக்கமாக மூன்று அல்லது நாலு வகை வரும். ஒவ்வொன்றும் 30 முதல் 60 மில்லிலீற்றர். 60 என்று வைத்தால் நாலு வகைக்கு 240 மில்லிலீற்றர், அதாவது ஒன்றே முக்கால் பானம். மூன்று தோட்டத்தில் ஐந்து பானம். 30 என்றாலும் இரண்டரை. பின்னேரம் மூன்றாவது இடத்திலிருந்து வெளியே வருகிறவர் தெளிவாகக் கதைப்பார், தான் சரியாக இருக்கிறேன் என்றும் நம்புவார். ஓட்டத் தகுதியான நிலை அது இல்லை.

இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராமும் அதற்கு மேலும் மதுசாரம் இருந்தால் கனடாவில் அது குற்றவியல் குற்றம். ஒன்ராறியோவில் 50ஐத் தொட்டாலே அந்த இடத்திலேயே லைசன்ஸ் இடைநிறுத்தப்படும், தண்டப்பணமும் உண்டு. 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும் புதிதாக ஓட்டப் பழகும் லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் எல்லை பூச்சியம். ஆகவே "மருமகன் இப்பதான் லைசன்ஸ் எடுத்தவர், அவர் ஒரு சொட்டுத்தான் குடிப்பார்" என்ற ஏற்பாடு சரிவராது. நிரந்தர வதிவிடத்தோடு இருப்பவருக்கு இப்படியொரு வழக்கு குடிவரவு அந்தஸ்தையே ஆட்டும் விசயம்.

ஓட்டுகிறவரை முன்பதிவுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். அவருக்கு மதுசாரம் இல்லாத தட்டு உண்டா என்று கேட்டுப் பதியுங்கள். சனிக்கு ஒருவர், ஞாயிறுக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டால் மனத்தாங்கலும் இல்லை.

வாகனம் இல்லாமல் போகமுடியாதா?

போகலாம். ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து கோ (GO) என்ற பயணிகள் ரயில் நயாகரா போல்ஸ் வரை ஓடுகிறது. வார இறுதியில் நாள் முழுவதற்கான மலிவான கோ அனுமதிச்சீட்டு உண்டு. அங்கிருந்து ஆறேழு பேராக ஒரு சுற்றுலா வானைப் பிடித்தால், தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களே கொண்டுபோய் விடுவார்கள், ருசிக்கட்டணமும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். தொழிலுக்கு ஓட்டும் ஆள் குடிப்பதில்லை என்பதால் எங்கள் பார்வையில் இதுவே நல்ல வழி. சைக்கிள் வாடகைக்கும் கிடைக்கும். நிலம் தட்டையானதால் ஓட்டமும் சுகம். ஆனால் சைக்கிளிலும் ருசிபார்த்துவிட்டு ஓட்டுவது விழுவதற்கு வழி. செயலியில் கூப்பிடும் வாடகைக் காரை மட்டும் நம்பாதீர்கள். பின்னேரம் தோட்டப் பக்கம் அது வரும் என்ற உறுதி இல்லை.

எந்தத் தோட்டங்களைத் தெரிவுசெய்வது?

இரண்டு பகுதிகள். இரண்டையும் ஒரே நாளில் கலக்காதீர்கள்.

முதல் நாள் நயாகரா ஒன் த லேக். இங்கே இனிஸ்கில்லின் தோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1929க்குப் பிறகு ஒன்ராறியோவில் கொடுக்கப்பட்ட முதல் வைன் உற்பத்தி அனுமதி 1975இல் இவர்களுக்குக் கிடைத்தது. இவர்களது 1989ஆம் ஆண்டு வைடல் திராட்சை ஐஸ்வைன் (கொடியிலேயே உறைந்த பழத்தில் செய்யும் இனிப்பு வைன்) 1991இல் பிரான்சின் வினெக்ஸ்போ வைன் கண்காட்சியில் உயர் விருது பெற்ற பிறகே கனேடிய வைன் உலகில் பேசப்பட்டது. ஷாத்தோ டே ஷார்ம் 1978இல் தொடங்கிய குடும்பத் தோட்டம், கட்டடம் பெரிது, முதியவர்கள் ஆறுதலாக இருக்க இடம் உண்டு. கொன்ஸெல்மன் தோட்டம் ஒன்ராறியோ ஏரிக்கரையிலேயே இருக்கிறது. கொடி வரிசைக்கு அப்பால் நீர்ப்பரப்பைப் பார்க்கும் திருகோணமலைக்காரருக்கு அது கடலாகத்தான் தெரியும், உப்புக் காற்று மட்டும் இராது. பெல்லர் தோட்டத்தில் பனிக்கட்டியால் செய்த, மைனஸ் 10 பாகை அறை ஒன்றில் ஐஸ்வைன் ஊற்றித் தருவார்கள், மேலங்கி அவர்களே தருவார்கள். பிள்ளைகளோடு கதைக்க நல்ல விசயம், ஆனால் மூச்சிழுப்பு உள்ளவர்கள் உள்ளே போக வேண்டாம்.

இரண்டாம் நாள், ரொறன்ரோவுக்குத் திரும்பும் வழியில், ஜோர்டன், வைன்லண்ட், பீம்ஸ்வில் பக்கம். இது நயாகரா மலைச்சரிவின் மேடை. ஏரியிலிருந்து வரும் காற்று சரிவில் மோதித் திரும்பிச் சுழல்வதால் உறைபனி எளிதில் தங்காது. ரீஸ்லிங் இங்கே கூர்மையாக வரும். ஜோர்டன் கிராமத்தில் கேவ் ஸ்பிரிங், மேட்டில் நின்று ஏரியைப் பார்க்க ஃபிளட் ரொக், பழைய பண்ணைக் கட்டடங்களோடு வைன்லண்ட் எஸ்டேட்ஸ். சிவப்பு விருப்பம் என்றால் சென் கத்தரின்ஸில் ஹென்றி ஒஃப் பெல்ஹம், பாக்கோ நுவார் என்ற சிவப்பு வைனுக்குப் பெயர்போனது.

விலை குறைவாக, படிப்போடு சேர்த்துப் பார்க்க கிளெண்டேல் வெளிவழிக்கு அருகிலேயே நயாகரா கல்லூரியின் கற்பித்தல் வைன்சாலை இருக்கிறது. மாணவர்களே தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். கேள்வி கேட்டால் சலிக்காமல் பதில் வரும்.

முன்பதிவு கட்டாயமா?

இலையுதிர்கால வார இறுதியில் கட்டாயம் என்றே வையுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு முன் இணையத்தில் பதியலாம். எட்டுப் பேருக்கு மேல் என்றால் போன் எடுக்க வேண்டும். எமது குடும்பங்கள் இரண்டு வானில் பதினான்கு பேராகப் போய் இறங்குவது வழக்கம். பதியாமல் அப்படிப் போனால் வாசலில் திருப்பிவிடுவார்கள். பதினைந்து நிமிடம் பிந்தினால் மேசை அடுத்தவருக்குப் போகும். பிந்துவதானால் சொல்லிவிடுங்கள்.

ருசிபார்க்கும் மேசையில் எப்படி நடந்துகொள்வது? ஒன்றும் தெரியாமல் போனால் வெட்கமாக இருக்காதா?

ஊற்றுகிறவர்களுக்குத் தெரியாதவர்களைத்தான் பிடிக்கும், கேள்வி கேட்பார்கள் என்று. ஒழுங்கு இதுதான்: நுரைக்கும் வைன், வெள்ளை, இளஞ்சிவப்பான ரோஸே, சிவப்பு, கடைசியில் ஐஸ்வைன். இனிப்பை முதலில் குடித்தால் பிறகு வருவது எல்லாம் புளிக்கும்.

கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது. மேசையில் வைத்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றி மூக்கை உள்ளே விட்டு மணக்கவும். நயாகரா ரீஸ்லிங்கில் தேசிக்காய்த் தோலும் பச்சை அப்பிளும் மணக்கும். கபர்னே ஃபிராங்கில் குடைமிளகாய் போன்ற பச்சை வாசம் லேசாக வரும், அது பழுது இல்லை. ஒரு மிடறு எடுத்து வாய் முழுக்க உருட்டிவிட்டு, விழுங்கலாம் அல்லது மேசையிலுள்ள பாத்திரத்தில் துப்பலாம். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, அந்தத் தொழிலில் உள்ளவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மிச்சத்தையும் அதிலேயே ஊற்றலாம். இடையில் தண்ணீர் குடியுங்கள்.

பலர் அறியாத ஒன்று: வெற்றிலை போட்ட வாயோடு போனால் எந்தச் சிவப்பு வைனும் கசக்கும். பாக்கின் துவர்ப்பும் வைனின் துவர்ப்பும் ஒரே இனம், ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். காலையில் பல் தீட்டி ஒரு மணி நேரம் கழியட்டும். அத்தரும் மல்லிகைச் சரமும் அன்றைக்கு வேண்டாம், பக்கத்து மேசைக்காரருக்கும் மூக்கு அடைத்துப்போகும்.

குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை?

தோட்டம் சுற்றிக்காட்டல் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நடக்கும். பழம் கொட்டும் தொட்டி, நசுக்கும் பொறி, ஓக் பீப்பாய்கள் எல்லாம் காட்டுவார்கள். புளிக்கும் தொட்டிகள் இருக்கும் கூடத்துக்குள் தனியாக நுழைய வேண்டாம். அங்கே கரியமிலவாயு தரையோடு தேங்கும், வாசம் இல்லாததால் தெரியாது. கூட்டிப்போகும் ஆளோடு மட்டும் போங்கள்.

தோட்டத்துக்கு வெளியேயும் பொழுதுபோகும். சென் கத்தரின்ஸில் வெல்லண்ட் கால்வாயின் மூன்றாம் பூட்டில், அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டியில், பார்வை மேடை உண்டு. பெரிய சரக்குக் கப்பலொன்று நீர்த்தொட்டிக்குள் நின்றபடி மேலே எழும்புவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். துறைமுக ஊரில் பிறந்த எவருக்கும் இது வைனைவிடப் பிடிக்கும். கப்பல் வரும் நேரத்தை முன்கூட்டி இணையத்தில் பாருங்கள். வீதியோரப் பழக் கடைகளில் கருநீலக் கொன்கோர்ட் திராட்சை, பெயார்ஸ், அப்பிள், பூசணி குவிந்திருக்கும். கொன்கோர்ட் திராட்சையின் தோல் கழன்றுவரும், சதை வழுக்கும், மணமோ அறை முழுக்க நிற்கும்.

பிள்ளைகளை விடுவார்களா?

பெற்றோரோடு பல இடங்களில் விடுவார்கள். சில இடங்களில் ருசிபார்க்கும் பகுதிக்கு 19 வயது கட்டாயம். பதியும்போதே கேளுங்கள். குடிப்பதற்கு ஒன்ராறியோவில் 19 வயது. இளமையாகத் தெரிகிற எவரும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சைவச் சாப்பாடும் விரதமும்?

செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து புரட்டாதிச் சனி, நவராத்திரி, பிறகு கந்தசஷ்டி என்று வரிசையாக வரும். பயணத் தேதியைப் போடுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். சனிக்கிழமை விரதக்காரர் இருந்தால் தோட்டச் சாப்பாட்டை ஞாயிறுக்கு மாற்றுங்கள்.

வைன்சாலை உணவகங்களில் பகிர்ந்து சாப்பிடும் பலகைத் தட்டு வரும். அதில் இருப்பது பெரும்பாலும் பன்றியிறைச்சிதான், மாட்டிறைச்சியும் இருக்கலாம். சீஸ் மட்டும் என்று கேட்கலாம். ஆனால் சில சீஸ் கன்றின் வயிற்று நொதியால் உறைய வைக்கப்பட்டது. முழுச் சைவம் வேண்டுமானால் இரண்டு நாள் முந்தியே சொல்லிவைத்தால் மரக்கறிச் சாப்பாடு செய்து தருவார்கள். வெளிச்சாப்பாட்டைத் தோட்டத்துக்குள் கொண்டுபோக முடியாது. சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனால் குயின்ஸ்ரன் ஹைட்ஸ் பூங்காவில் மேசை, கழிவறை, நிழல் எல்லாம் உண்டு. வாங்கின போத்தலை அங்கே திறக்காதீர்கள்.

வைனிலும் ஒரு விசயம். கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை போன்றவை பயன்படுவதுண்டு. பெண்டனைற் களிமண்ணால் தெளிவித்தது என்றால் சிக்கல் இல்லை. "இது வீகனா?", அதாவது மிருகப் பொருள் எதுவும் சேராததா என்று கேட்டால் பதில் சொல்வார்கள்.

நீரிழிவு உள்ளவர் ஐஸ்வைன் குடிக்கலாமா?

ஐஸ்வைனில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் சீனி இருக்கும். 50 மில்லிலீற்றரில் 10 கிராம், இரண்டு தேக்கரண்டிக்கு மேல். அதைவிட ஆபத்து, இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வைன் குடிப்பது. சில மணி நேரம் கழித்துச் சீனி திடீரென இறங்கும், மயக்கத்தை வெறி என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு, சிறிது, அதுவும் இனிப்பில்லாத வைன். மருந்து எடுப்பவர் தன் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது.

தோட்டத்துக்குள் வெடிச்சத்தம் கேட்கும் என்கிறார்களே?

கேட்கும். பழுத்த திராட்சைக்கு வரும் பறவைக் கூட்டத்தை விரட்டக் காஸில் இயங்கும் பீரங்கிகள் சில நிமிடத்துக்கு ஒருமுறை வெடிக்கும். குண்டே இல்லை, சத்தம் மட்டும்தான். யுத்த நாட்களைக் கண்ட எமது பெரியவர்களுக்கு இதை வாகனத்தில் வைத்தே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் அவர்களுக்கு அன்றைய பொழுதே குழம்பிவிடும்.

கொடிகளுக்கு மேல் போர்த்திய வலையும் பறவைக்காகத்தான். காற்றாடி போல உயர்ந்து நிற்பவை உறைபனி இரவில் மேலுள்ள சூடான காற்றைக் கீழே தள்ளும் பொறிகள். செப்டெம்பரில் குளவி கூடுதல், பழச்சாறு ஊற்றிய கிண்ணத்தைப் பார்த்துக் குடியுங்கள். கொத்துக்குள் பதுங்கும் ஒரு வகைப் பொறிவண்டு பழத்தோடு சேர்ந்து நசுங்கி, 2001ஆம் ஆண்டு ஒன்ராறியோ வைன்கள் பலவற்றின் மணத்தையே கெடுத்தது. இப்போது தரம் பிரிக்கும்போது அதைக் கவனித்து அகற்றுகிறார்கள்.

அனுமதி இல்லாமல் வரிசைக்குள் இறங்கிப் பழம் பறிக்க வேண்டாம். படம் எடுக்க ஓரத்தில் நின்றாலே போதும்.

ஐஸ்வைன் அறுவடையையும் பார்த்துவிடலாமா?

இலையுதிர்காலத்தில் முடியாது. மைனஸ் 8 பாகைக்குக் கீழே குளிர் இறங்கிப் பழம் கல்லாக உறைந்த பிறகே வெட்டுவார்கள், பெரும்பாலும் டிசெம்பர், ஜனவரி இரவுகளில். உறைந்தபடியே பிழியும்போது தண்ணீர் பனிக்கட்டியாக நின்றுவிட, கட்டித் தேன் போன்ற சாறு சிறிதளவே வழியும். அதனால்தான் அந்த விலை. ஒக்டோபர் கடைசியிலும் வலைக்குள் பழம் தொங்கும் வரிசையைக் கண்டால், அது பெரும்பாலும் ஐஸ்வைனுக்கு விட்டது.

என்ன உடுப்பு?

ஒக்டோபரில் பகல் 10 முதல் 15 பாகை, காலையும் இரவும் அதற்குக் கீழே. கன்னியா, நிலாவெளிப் பக்கம் காலமெல்லாம் நடந்த செருப்பு இங்கே உதவாது. மூடிய சப்பாத்து, காலுறை, கழற்றிப் போடக்கூடிய இரண்டு அடுக்கு, காற்றுப் புகாத ஜாக்கற். பீப்பாய் அறை உள்ளேயும் குளிர்தான். சேலைதான் உடுப்பேன் என்பவர்கள் கரை ஈரப்புல்லில் இழுபடாமல் சற்று உயர்த்திக் கட்டுங்கள்.

எல்லைப் பக்கம் கவனிக்க வேண்டியது?

நயாகரா ஆற்றுக்கு அக்கரை அமெரிக்கா. நீர்வீழ்ச்சிப் பக்கம் தவறான வரிசையில் புகுந்தால் வாகனம் ரெயின்போ பாலத்துக்குத்தான் போகும். அமெரிக்க விசா இல்லாத இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது வீண் அலைச்சல். ஆற்றோரம் போன் தானாக அமெரிக்கக் கோபுரத்தைப் பிடிக்கும். ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்.

செலவு எவ்வளவு வரும்?

ருசிக்கட்டணம் ஆளுக்கு ஓரிடத்தில் பொதுவாக 20 முதல் 35 டொலர். போத்தல் வாங்கினால் சில இடங்களில் கழிப்பார்கள். சாப்பாட்டுக்கு 13 சதவீத வரியும் 15 முதல் 20 சதவீத ரிப்ஸும் சேரும், பட்டியலில் பார்த்த விலையை மூன்றில் ஒன்று கூட்டி நினையுங்கள். நயாகரா ஒன் த லேக் ஊருக்குள் அறை விலை அதிகம். சென் கத்தரின்ஸில் தங்கினால் குறையும், இரண்டு பகுதிக்கும் நடுவிலும் இருக்கும். குடிப்பவர் இருவர் ஒரு தட்டைப் பகிர்ந்தால் காசும் மிச்சம், வெறியும் குறையும்.

எதை வாங்குவது? எங்கள் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்?

போத்தலில் வீ.கியூ.ஏ. முத்திரையைப் பாருங்கள். முழுக்க ஒன்ராறியோத் திராட்சை என்பதற்கு அது உறுதி. முத்திரை இல்லாத மலிவான போத்தல்களில் இறக்குமதி வைன் கலந்திருக்கலாம்.

உறைப்பான நண்டுக் கறிக்கும் கணவாய்ப் பிரட்டலுக்கும் லேசாக இனிக்கும் ரீஸ்லிங். இனிப்பு உறைப்பைத் தணிக்கும், புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெட்டும். துவர்ப்பும் மதுசாரமும் கூடிய சிவப்பு வைனை உறைப்போடு குடித்தால் வாய் எரியும், பலர் "வைன் சரியில்லை" என்பது இதனால்தான். ஆட்டிறைச்சிப் பொரியலுக்குக் கமே என்ற சிவப்பு வைன் அல்லது இளம் கபர்னே ஃபிராங்கை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துக் கொடுங்கள்.

ஊருக்குக் கொண்டுவரலாமா?

கைப்பெட்டியில் முடியாது, திரவத்துக்கு 100 மில்லிலீற்றர்தான் எல்லை. 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ. இரண்டு போத்தலோடு மூன்று கிலோ போய்விடும். ஒவ்வொன்றையும் பிளாஸ்ரிக் பையில் கட்டி, தடித்த உடுப்பில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள், மூலைகளில்தான் அடி விழும். கட்டுநாயக்காவில் தீர்வை இல்லாமல் எவ்வளவு விடுவார்கள் என்பதைப் புறப்படுமுன் இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் பார்த்து, அந்த அளவுக்குள் நில்லுங்கள். பரிசுக்கு 200 மில்லிலீற்றர் ஐஸ்வைன் போத்தல் பாரமும் குறைவு, விலையும் தாங்கும்.

கெடுவது வழியில்தான். விமான நிலையத்திலிருந்து திருகோணமலைக்கு ஆறு மணி நேர ஓட்டம், ஹபரணையில் சாப்பிட இறங்கும்போது பெட்டிகள் வெயிலில் நிற்கும் வானுக்குள் வேகும். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், பிறகு காற்றுப் புகுந்து புளிக்கும். திருகு மூடி போத்தலானாலும் வெந்த வைன் வெந்ததுதான், மணம் போய்விடும். அந்தப் பெட்டியை இருக்கைக்குக் கீழே, ஏசி படும் இடத்தில் வையுங்கள், அல்லது இரவில் பயணம் செய்யுங்கள்.

வீட்டில் அலுமாரிக்கு மேல் அழகுக்கு வைக்காதீர்கள். 30 பாகையைத் தாண்டும் அறையில் சில மாதத்தில் பழுதாகும். பிரிட்ஜின் அடித்தட்டில், வெளிச்சம் படாமல் வைத்து, வருடம் திரும்புமுன் முடியுங்கள். திறந்த வெள்ளை, சிவப்பு வைன்கள் மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், ஐஸ்வைன் சீனியின் பலத்தில் ஒரு கிழமைக்கு மேலும் நிற்கும்.